நெல்லைக் கடிச்சுப் பார்க்கலாம், சாராயத்தை?

போன மாசம் ஒரு சிப்பம் கிச்சிலி சம்பா அரிசியோட பட்டினப்பாக்கம் போயிருந்தேன். சீனிவாசபுரத்துல ஒரு மீனவர் குடும்பம் நம்மகிட்ட வழக்கமா அரிசி வாங்கும். அரிசியை இறக்கி வச்சுட்டு வீட்டுப் பெரியவரோட பேசிட்டிருந்தப்ப, பேச்சு கள்ளச்சாராயத்துக்குப் போச்சு.

"சும்மா பயப்படுறாங்க தம்பி. ஒரு ஸ்பூன்ல ஊத்திக் கொளுத்திப் பாரு. நீலமா எரிஞ்சா சுத்தமான சரக்கு"ன்னார்.

எனக்குச் சிரிப்பு வரல. எங்க தாத்தாவும் இதையேதான் சொல்வார். நாங்க விவசாயிங்க. நெல்லைக் கடிச்சு ஈரம் சொல்வோம், மண்ணை மோந்து பக்குவம் சொல்வோம். அந்த நம்பிக்கையிலதான் இதையும் நம்பிட்டோம்.

ஆனா மெத்தனாலும் நீலமாத்தான் எரியும். பகல் வெளிச்சத்துல அந்தத் தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது. நிறம் தண்ணி மாதிரி, வாசனையும் சாராய வாசனைதான், போதையும் ஏறும். நல்ல சாராயத்தோட கலந்துட்டா நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது.

2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பத்துல செத்தவங்களும் இவரை மாதிரி கடலோரத்து ஆளுங்கதான். அடுத்த வருசம் ஜூன்ல கள்ளக்குறிச்சியில குடிச்சவங்கள்ல 60 பேருக்கு மேல போயிட்டாங்க. ரெண்டு இடத்துலயும் எமன் மெத்தனால்தான். ஆலைகளுக்குன்னு இருக்குற ரசாயனம் அது.

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டார்.

அவர் வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல, மயிலாப்பூர் காமராஜர் சாலையில தடய அறிவியல் துறை இருக்கு. அந்த மாதிரி ஆய்வகத்துல சாராயத்தை ஆவியாக்கி நீளமான மெல்லிய குழாய் வழியா அனுப்புவாங்க. உள்ள இருக்குற ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல வெளிய வரும். அதை வச்சுத்தான் எது எவ்வளவுன்னு தெரியும். பெயின்ட் கடை ஸ்பிரிட்டும் அப்படித்தான். யாரும் குடிக்கக் கூடாதுன்னே அதுல மெத்தனால் மாதிரி எதையாவது கலந்திருப்பாங்க. காய்ச்சியோ வடிகட்டியோ அதை வீட்டுல சுத்தமாக்க முடியாது.

"அப்ப நாங்க இத்தனை வருசம் கொளுத்திப் பார்த்தது?"

"எரியுதான்னு மட்டும்தான் பார்த்தீங்க ஐயா."

ரொம்ப நேரம் கடலையே பார்த்துட்டிருந்தார். கெளம்புறதுக்கு முன்னாடி அவர் மகன்கிட்டயும் ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். உங்களுக்கும் சொல்றேன். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமா மாத்துறதுக்கு நேரம் ஆகும். அதனால குடிச்சவர் ராத்திரி நல்லாத்தான் இருப்பார். மறுநாள்தான் வயித்து வலி, வாந்தி, கண்ணு மங்கல் எல்லாம் வரும். போதை தெளியலன்னு படுக்க வச்சுடாதீங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குடிச்சதை மறைக்காதீங்க, மிச்சம் இருந்தா பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க. மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. சீக்கிரம் போனா கண்ணையும் உயிரையும் காப்பாத்த வழி இருக்கு.

மானம் போயிடும்னு வீட்டுக்குள்ள வச்சிருந்து யாரையும் இழந்துடாதீங்க.