முதலில் திருப்பிப் பார்

கேலரிக்குப் படம் கொண்டுவருகிறவர்கள் போர்வையைப் பிரித்ததும் முன்பக்கத்தைத்தான் நமக்குக் காட்டுவார்கள். மூன்று தலைமுறை கும்பிட்ட சாமியாக இருக்கும். மரியாதைக்கு ஒரு நிமிடம் பாருங்கள், பிறகு திருப்புங்கள். காகிதப் படத்தை மேஜையில் துணி விரித்துக் கவிழ்க்கலாம். தஞ்சாவூர்ப் படத்தை மட்டும் கவிழ்க்கக் கூடாது, மேலே புடைப்பாகப் பூசிய மக்கு உதிர்ந்துவிடும். நிறுத்திவைத்து, ஆள் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் பலகையை விரல் நுனியால் தடவியே பாதி சொல்லிவிடுவார். பலாப்பலகையா, இடையில் ஒட்டுப்போட்டதா, ஆணி எந்தக் காலத்தது என்றெல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். ஒருமுறை பின்னால் பிளைவுட்டைக் கண்டதும் "புதுசுதான் ஐயா" என்றான் கூட இருந்த பையன். பெரியவர் பேசாமல் ஓரத்து ஆணியைக் கழற்றினார். ஃபிரேம்காரர் அடித்த பிளைவுட்டுக்கு உள்ளே பழைய பலகை இருந்தது. அன்றிலிருந்து ஆணி கழற்றாமல் அங்கே யாரும் வயது சொன்னதில்லை.

பலகையில் துளை இருந்தால் அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ராத்திரி விட்டுவையுங்கள். காலையில் மாவு விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தப் படத்தை மற்றப் படங்களோடு வைக்காதீர்கள்.

அதிகம் வருவது 'ரவிவர்மா'தான். தொண்ணூறு சதவீதம் என்று சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. பெரும்பாலும் 1894-ல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோணாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போன அச்சகத்தின் ஓலியோகிராஃப் என்ற கல்லச்சுப் படம், அல்லது அதன் பின்னாள் ஆஃப்செட் நகல். லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும். கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை. கன்னத்திலும் புடவை மடிப்பிலும் நெருங்கியும் விலகியும் சிதறிக் கிடக்கும். ஆஃப்செட்டில் அவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசை கட்டி நிற்கும். அச்சகத்தின் பெயர் கீழ் ஓரத்தில் இருக்கும். ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தைத்தான் நம்மவர்கள் கத்தரித்திருப்பார்கள்! ஜரிகை, சமிக்கி ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. வந்தவரிடம் "வெறும் பிரிண்ட்" என்றும் சொல்லாதீர்கள்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள். சென்னை ஈரத்தில் அது சகஜம்; கன்சர்வேட்டரிடம் அனுப்புங்கள். ஆயுத பூஜைக்கு ஈரத்துணியால் துடைத்து முருகன் முகமே கரைந்துபோன படம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அழுக்கோடு வந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

"எவ்வளவு பெறும்?" என்பார்கள். எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். இன்ஷூரன்ஸுக்குப் போடுவது ஒரு விலை, பாகப்பிரிவினைக்கு ஒன்று, நாளைக்கே விற்பதற்கு இன்னொன்று. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக என்றால் விலையை விடச் சட்டம் பெரிது. நூறு வயது கடந்த படம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். ரவிவர்மா கையால் வரைந்த அசல் ஓவியம் அதே சட்டப்படி கலைச் செல்வம். இரண்டையும் தனியார் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. வயது குறைந்த படம் என்றாலும் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கச் சொல்லுங்கள்.

விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போனால், அதாவது கன்சைன்மென்ட் என்றால், எழுத்தில் இருக்க வேண்டும். கமிஷன் எத்தனை சதவீதம், எத்தனை மாதம், ஃபிரேம் செலவு யாருடையது, விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எல்லாமே. அதிகம் சண்டை வருவது தள்ளுபடியில். வாங்குகிறவர் பேரம் பேசிக் குறைக்கும் பத்து சதவீதம் உடைமைக்காரர் பங்கில் போகிறதா, நம் கமிஷனிலா? கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வாங்கிவைக்கும்போதே முன்புறம், பின்புறம், நான்கு மூலை, கையொப்பம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எங்கே தங்கரேக் உதிர்ந்திருக்கிறது, எந்தக் கல் இல்லை என்று ரசீதில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். விற்காமல் திரும்பிப் போகும் படங்களே அதிகம். அன்றைக்கு அவர் முன்னால் அந்தப் போட்டோவோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் போர்வையைச் சுற்ற வேண்டும்.