பித்தளை டோக்கனும் டூல் லைப்ரரியும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, செய்தி பார்க்க உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. தங்கை மகன். கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறான். இரண்டு விஎம்சி, ஒரு சிஎன்சி லேத், நாலு ஆட்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வங்கிக் கடன்.

“மாமா, மெஷின் மோதிடுச்சுங்க.”

“யாருக்காவது அடிபட்டுச்சா?”

“இல்லீங்க மாமா. கதவு சாத்தித்தான் இருந்துச்சு. ஆனா கஸ்டமர் கொடுத்த காஸ்டிங் போச்சு. ஹோல்டர் நட்டு போச்சு. ஸ்பிண்டில் என்ன கதியோ தெரியல. அந்தப் பையனை நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“காலைல நான் வர்றேன். அதுவரைக்கும் யாரையும் ஒண்ணும் சொல்லாதே மாப்ள” என்றேன்.

1978இல் ஒரு பம்பு கம்பெனி டூல் ரூமில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, 2016இல் ஓய்வு பெற்றவன் நான். மெஷின் மோதுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. “பையனை வர வேண்டாம்னு சொல்லிடலாம்” என்ற அந்த வார்த்தைதான் காரணம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

விஎம்சி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அது கம்ப்யூட்டர் சொன்னபடி தானாக ஓடும் மில்லிங் மெஷின். பக்கத்தில் ஒரு சக்கரத்தில் 24 டூல்கள் மாட்டியிருக்கும். புரோகிராம் “ஐந்தாம் நம்பர்” என்றால் மெஷினே ஐந்தாம் நம்பரை எடுத்து ஸ்பிண்டிலில் மாட்டிக்கொள்ளும். எந்தப் பாதையில் வெட்டுவது என்ற புரோகிராமை இப்போதெல்லாம் பலரும் கையால் எழுதுவதில்லை. கேம் மென்பொருளில் படத்தைக் காட்டி, டூலைத் தேர்ந்தெடுத்தால் அதுவே எழுதிக் கொடுத்துவிடும். அந்த டூல்களின் விவரம் இருக்கும் பட்டியலுக்குத்தான் டூல் லைப்ரரி என்று பெயர்.

காலையில் போனேன். பையன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். கோபிப் பக்கம், ஐடிஐ முடித்தவன், 22 வயதிருக்கும். இரவு தூங்கவில்லை என்று முகமே சொன்னது. முதலில் ஸ்பிண்டிலில் டெஸ்ட் பாரை மாட்டி, டயல் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். முள் ஒரு கோட்டுக்கு மேல் நகரவில்லை. ஸ்பிண்டில் பிழைத்தது. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு காஸ்டிங்கைப் பார்த்தேன். 35 மில்லி ஆழத்துக்கு ஒரு குழி எடுக்க வேண்டும். குழியின் மேல் விளிம்பில் ஹோல்டர் நட்டு உரசி, கடித்து, அரை வட்டமாகத் தழும்பு போட்டிருந்தது. 10 மில்லி எண்ட் மில்லை வெர்னியரில் அளந்தேன். நட்டுக்கு வெளியே 28 மில்லிதான் நீட்டிக்கொண்டிருந்தது. 28 மில்லி நீளமுள்ள டூலை 35 மில்லி இறக்கினால் மீதி 7 மில்லிக்கு நட்டுதான் உள்ளே போக வேண்டும். அதன் விட்டமோ 50 மில்லி. எங்கே போகும்?

“மாமா, கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேனுங்க. ஒரு இடத்துலயும் சிவப்பு வரல” என்றான் மாப்பிள்ளை.

லைப்ரரியைத் திறக்கச் சொன்னேன். மென்பொருளோடு மாதிரிக்காக வந்த பட்டியல் அப்படியே இருந்தது. நூற்றுக்கணக்கான டூல்கள். அதில் ஏதோ ஒரு 10 மில்லி எண்ட் மில்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதில் நீட்டல் 45 மில்லி. ஹோல்டர் என்ற இடம் காலி. ஹோல்டரே இல்லாத டூல் திரையில் எதில் மோதும்? மென்பொருள் பொய் சொல்லவில்லை. நாம் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டது, அவ்வளவுதான்.

பையனிடம் கேட்டேன். “ஏன் தம்பி 28 வச்சே?”

“சார், நீளமா விட்டா கத்துதுங்க. ஃபினிஷ் வராது. அதனால எப்பவும் குட்டையாத்தான் மாட்டுவேன். இந்த ஜாப்புக்கு எவ்வளவு வேணும்னு புரோகிராம்ல எதுவும் போடலீங்க.”

பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டூல் நீள நீள அதன் வளைவு நீளத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 28ஐ 45 ஆக்கினால் அதே விசைக்கு நாலு மடங்குக்கு மேல் வளையும். அதனால்தான் கத்துகிறது. புத்தகம் படிக்காமல் காதாலேயே அதைத் தெரிந்து வைத்திருக்கிறான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவன் கையில் இருந்த டூல் ஒன்று, கம்ப்யூட்டரில் இருந்த டூல் வேறொன்று.

“புரோகிராம் போட்டது யாரு மாப்ள?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “நான்தானுங்க மாமா. வீட்ல லேப்டாப்ல போட்டேன்.”

“சரி. இனி ரெண்டு ஞாயித்துக்கிழமை எனக்குக் கொடு. பைசா செலவில்லை. தம்பியும் கூட இருக்கணும்” என்றேன்.

முதல் ஞாயிறு கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. டிராயர்களைக் கவிழ்த்து, பழைய நியூஸ்பேப்பரில் எல்லாவற்றையும் பரப்பினோம். 10 மில்லி எண்ட் மில் மட்டும் ஐந்து இருந்தன. இரண்டு மொட்டை. ஒன்று சாணை பிடித்து 9.7 ஆகியிருந்தது. 10 என்று நம்பி அதை மாட்டியிருந்தால் அடுத்த ரிஜெக்‌ஷன் தயாராக இருந்திருக்கும். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தோம். அளவைப் பையன் சொல்ல, மாப்பிள்ளை நோட்டில் எழுதினான். முதலாளி எழுத, ஆபரேட்டர் சொல்வது அந்தப் பட்டறையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ஞாயிறு லைப்ரரியைப் புதிதாகத் தொடங்கினோம். மாதிரிப் பட்டியலை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தில் ஆரம்பித்தோம். டிராயரில் இல்லாத டூல் திரையிலும் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. கடைசியில் எண்ணிப் பார்த்தால் 31 டூல்தான். அந்தப் பட்டறையின் எல்லா வேலையும் அந்த 31இல் அடக்கம்.

அடுத்தது நம்பர். 1 முதல் 16 வரை நிரந்தரம். ஃபேஸ் மில் எப்போதும் 1. சென்டர் டிரில் எப்போதும் 5. எந்த ஜாப் வந்தாலும் இவை மாறாது. 17 முதல் 24 வரை அந்தந்த ஜாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். டூல் நம்பரும் நீள ஆஃப்செட் நம்பரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஐந்தாம் டூலுக்கு ஜி43 எச்5தான் வர வேண்டும். ஆறாம் டூலின் நீளத்தை ஐந்தாம் டூல் எடுத்துக்கொண்டால் மறுபடியும் மோதல்தான்.

பிறகு நீட்டல். பையன் சொன்ன 28ஐயும் விடவில்லை, ஆழத்துக்கு வேண்டிய 45ஐயும் விடவில்லை. ஒரே 10 மில்லி எண்ட் மில்லை இரண்டாக எழுதினோம். “10 குட்டை”, “10 நெட்டை” என்று இரண்டு ஹோல்டர், இரண்டு நம்பர். நெட்டைக்கு வேகமும் குறைவு, ஒரு தடவைக்கு வெட்டும் ஆழமும் குறைவு. பெயர் வைத்தது பையன்தான். பட்டறையில் வாயால் சொல்லும் பெயரே லைப்ரரியிலும் இருந்தால் குழப்பம் வராது.

ஹோல்டரையும் வெர்னியரில் அளந்து, நட்டின் விட்டம், உயரம் எல்லாம் போட்டோம். போட்டு முடித்ததும், “அந்தப் பழைய புரோகிராமை 10 குட்டையில ஓட்டு மாப்ள” என்றேன். ஓட்டினான். திரையில் சிவப்பு வந்தது. காஸ்டிங்கில் தழும்பு விழுந்த அதே விளிம்பு, அதே அரை வட்டம். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேகக் கணக்குக்கு நான் படித்த காலத்துச் சூத்திரமே போதும். வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, பையையும் டூலின் விட்டத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் ஆர்பிஎம். இஎன்8 இரும்புக்குக் கார்பைடு எண்ட் மில்லில் நிமிடத்துக்கு 100 மீட்டர் வைத்தால், 10 மில்லிக்கு 3183 சுற்று. நாலு ஃப்ளூட், ஃப்ளூட்டுக்கு 0.05 மில்லி என்றால் ஃபீடு 637. அலுமினியத்துக்கு 300 மீட்டர் வைத்தால் 9549 வரும். ஆனால் மாப்பிள்ளையின் மெஷின் 8000க்கு மேல் சுற்றாது. மெஷின் தானாக 8000இல் நின்றுகொள்ளும், ஃபீடு மட்டும் 9549க்குப் போட்டபடி ஓடும், டூல் திணறும். அதனால் மெஷினின் எல்லைக்குத் தகுந்தபடி இரண்டையும் குறைத்து எழுதினோம். எம்10 டேப்புக்கு 8.5 டிரில். 300 சுற்றுக்கு ஃபீடு 450. டேப்பில் மட்டும் பேரமே கிடையாது. சுற்றை மாற்றினால் 1.5 பிட்ச் கணக்கில் ஃபீடும் மாற வேண்டும்.

இன்னொரு சங்கதி. வீட்டு லேப்டாப்பில் ஒரு லைப்ரரி, பட்டறைக் கம்ப்யூட்டரில் ஒரு லைப்ரரி என்று இரண்டு இருந்தன. ஒன்றாக்கினோம். நகல் ஒரு பென் டிரைவில். அச்செடுத்த தாள் மெஷின் கதவில்.

கடைசியாக, டூலின் குறிப்பு எழுதும் இடத்தில் “நிலை” என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னேன். புதுசு, தேய்ஞ்சது, சாணை பிடிச்சது, முனை போனது. தேதியும், யார் பார்த்தது என்பதும்.

“இது எதுக்குங்க மாமா? இதைக் கம்ப்யூட்டர் படிக்காதே” என்றான் மாப்பிள்ளை.

டீ வந்திருந்தது. அப்போதுதான் அவர்களிடம் அதைச் சொன்னேன். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

எங்கள் கம்பெனியில் டூல் கிரிப் என்று ஒரு கம்பி வலை அறை உண்டு. ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன்கள் கொடுத்திருப்பார்கள். டூல் வாங்கும்போது அது இருந்த ஆணியில் நம் டோக்கனை மாட்டிவிடுவார் ஸ்டோர்கீப்பர். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் நம் கைக்கு வரும். எந்த டூல் யாரிடம் என்பது சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைய டூல் லைப்ரரி அதுதான்.

1979. நான் இரண்டாம் வருட அப்ரண்டிஸ். இரவு ஷிப்டில் 12 மில்லி ரீமர் ஒன்றை வாங்கினேன். எச்7 துளைக்கானது, 18 மைக்ரான்தான் கூடலாம். எண்ணெய் விடாமல், அவசரத்தில் கூடுதல் வேகத்தில் ஓட்டிவிட்டேன். ஒரு வெட்டு முனையில் சின்னச் சில்லு போய்விட்டது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஷிப்ட் முடியும் நேரம், ஜன்னலில் கூட்டம். ஸ்டோர்கீப்பர் வாங்கி, பார்க்காமலே ஆணியில் மாட்டி, டோக்கனை என் கையில் வைத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஷிப்டில் அந்த ரீமரில் போட்ட துளை அத்தனையும் கோடு விழுந்து ரிஜெக்ட். விசாரணை வந்தது. “வாங்கும்போது நான் பார்த்திருக்க வேணும். என் தப்புதான்” என்று சொல்லிவிட்டார் ஸ்டோர்கீப்பர். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு அப்ரண்டிஸ்ஷிப் போய்விடுமோ என்ற பயம். வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதற்குப் பிறகு நான் டூல் திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒரு நிமிடம் பார்ப்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் ரிட்டையர் ஆன அன்று நானும் மாலை போட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

“பழி எப்பவும் கடைசியாத் தொட்டவன் மேலதான் விழும் மாப்ள. எழுதி வச்சா விழாது. கம்ப்யூட்டர் படிக்க வேண்டாம், அடுத்து மாட்டுறவன் படிக்கட்டும்” என்றேன்.

மாப்பிள்ளை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையனைப் பார்த்து, “தம்பி, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துரு. புதுக் காஸ்டிங் வருது, நெட்டையை நீயே செட் பண்ணு” என்றான். “சரிங்கண்ணா” என்றான் பையன். அவ்வளவுதான். போன காஸ்டிங்குக்கான பணத்தை மாப்பிள்ளை கஸ்டமருக்குத் தன் கூலியில் கழித்துக் கொடுத்துவிட்டான்.

பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால் இதைப் படிக்கக் கொடுங்கள். மென்பொருள் விலைக்குக் கிடைக்கும். லைப்ரரியை நாம்தான் வெர்னியரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். அதுவும் மெஷினில் நிற்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

முந்தாநாள் வாட்ஸ்அப்பில் பையனிடமிருந்து செய்தி. “சார், டி3 முனை போயிடுச்சு. நான்தான் ஃபீடு ஏத்திட்டேன். அண்ணாகிட்ட சொல்லிட்டேன். நிலையிலயும் எழுதிட்டேன்.”

இரண்டு தடவை படித்தேன். “சரி தம்பி. புதுசு மாட்டினதும் நீட்டல் அளந்து போடு” என்று பதில் அனுப்பினேன்.