உம்மம்மா காணாத கொழும்பு

கொழும்பு மருதானையில் ஓர் அரபி மத்ரஸாவில் பாடம் நடத்துவதற்காக 2012-ஆம் ஆண்டு நான் புறப்பட்டபோது, மனைவியையும் உடன் அழைத்துச் சென்றேன். எங்கள் காயல்பட்டினத்தில் இது கொஞ்சம் பேசப்பட்டது. கொழும்பு எங்கள் ஊருக்குப் புதிய இடமல்ல. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கடை வைக்கவும் கல் வியாபாரம் செய்யவும் போய் வந்த ஊர்தான். ஆனால் போனவர்கள் ஆண்கள். பெண்கள் ஊரிலேயே இருந்துவிடுவார்கள். போதாக்குறைக்கு, திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்த் தங்குவதுதான் எங்கள் வழக்கம். பெண்ணைத் தாய் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போனால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள்.

மனைவியின் உம்மம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய கணவர் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. இந்தக் கரையில் ரயில், நடுவில் கப்பல், அந்தக் கரையில் மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அவர் அந்த வழியில்தான் போய் வந்தாராம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வந்து மூன்று மாதம் இருப்பார். உம்மம்மா ஒரு தடவைகூடக் கொழும்பைப் பார்த்ததில்லை. ஆனாலும் மருதானை ஸ்டேஷன் தாண்டினால் கோட்டை ஸ்டேஷன், அங்கிருந்து நடந்தால் புறக்கோட்டை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் கடிதத்தில் வந்த விவரம். நாங்கள் புறப்படும் அன்று, "அந்தச் செவத்தப் பள்ளியைப் பாத்துட்டு எனக்குச் சொல்லணும் மவளே" என்றார்கள்.

ஆறு மாதமாகியும் நான் பள்ளியைக் காட்டவில்லை.

இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஃபஜ்ரு முடிந்து மத்ரஸாவுக்குப் போனால் லுஹருக்குச் சாப்பிட வருவேன். மறுபடி போனால் இஷா முடிந்துதான். எங்களுக்கு மாடியில் ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று நான் உறங்குவேன், அல்லது கிதாபு பார்ப்பேன். வெளியே போகலாமா என்று அவள் கேட்டால், "புழுதியும் புகையும்தான், என்ன இருக்கு?" என்பேன். சிங்களம் தெரியாத பயமும் எனக்கு உள்ளூர இருந்தது. வாராவாரம் போனில் உம்மம்மா "பள்ளியைப் பாத்தியா?" என்பார்கள். "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்" என்று இவள் சொல்வாள்.

ஒரு நாள் இரவு சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உம்மம்மா ஊர்ல காத்திருந்தாங்க. அவங்களுக்கு முடுக்கு முழுக்க ஆள் இருந்துச்சு, பேச்சு இருந்துச்சு. நான் உங்க பக்கத்துலேயே இருந்துகிட்டுக் காத்திருக்கேன்."

அந்த வாரப் பாடம் எதுவென்றால், பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) பார்ப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் நின்று கொடுத்தார்களே, புகாரியில் வரும் அந்த ஹதீஸ். ஒரு சிறுவன் எழுந்து, "எவ்வளவு நேரம் நின்றார்கள், ஹஸரத்?" என்றான். "அவர்களுக்குப் போதும் என்று ஆகும்வரை" என்றேன். அடுத்த வரிக்குப் போகச் சற்று நேரமாயிற்று.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு புறக்கோட்டைக்குப் போனோம். ஜாமிஉல் அல்ஃபார் பள்ளி 1909-ல் கட்டி முடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் முனைந்து கட்டியது. சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரிகள், சில இடங்களில் முறுக்கிவிட்ட மாதிரி தூண்கள், மேலே மாதுளம்பழம் போன்ற குமிழ்கள். சனம் இடித்துத் தள்ளும் அந்தத் தெருவில், ஒரு துணிக்கடை ஓரத்தில் நின்று அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் நின்றேன். கடைக்காரர் முக்காலி போட்டுக் கொடுத்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகள் மாறிவிட்டன. அருங்காட்சியகம் பார்த்தோம். 1877-ல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன பரிசு வேண்டும் என்று கவர்னர் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை இதை மூடிவைத்தால் போதும் என்றாராம். அந்த வழக்கம் நெடுங்காலம் இருந்ததாகவும் சொல்வார்கள். கண்டி, நுவரெலியாவும் போனோம். அவற்றைப் பற்றி எழுதாதவர் யார்?

எனக்குப் பிடித்தது பேருவளைப் பயணம். மூன்றாம் வகுப்பு டிக்கெட், வலப்பக்க ஜன்னல். கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டியே வண்டி போகிறது. இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் கட்டி எடுத்திருந்தாள். "கசர் உண்டா?" என்று மஸ்அலா கேட்டாள். "இவ்வளவு பக்கத்துக்குக் கிடையாது, கண்டிக்கு உண்டு" என்றேன். "அப்போ இது பயணமே இல்லையா?" என்று சிரித்தாள்.

பேருவளையில் நான் ஜும்ஆவுக்குப் போக வேண்டும். இவள் எங்கே தொழுவது? முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பெண், "தாத்தா, உள்ளுக்கு வாங்கோ" என்று அழைத்துப் போனார். அங்கே தாத்தா என்றால் அக்கா! எங்கள் ஊரில் பாட்டனாரை அப்பா என்போம். தாத்தா என்ற சொல்லுக்கு இப்படி ஒரு வாழ்வு இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். தொழ இடம், ஒழுச் செய்யத் தண்ணீர், பிறகு வட்டிலப்பம். பாறை மேல் வெள்ளையாக நிற்கும் கெச்சிமலைப் பள்ளியை நாங்கள் பார்க்கும்போது அஸருக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளி இரவுகளில் போன் உம்மம்மாவிடமிருந்து முதலில் வரும். "இந்த வாரம் எங்கே?" படி எத்தனை, வாசல் எந்தப் பக்கம் என்று துருவுவார்கள். சில விவரங்களில் கடிதத்துக்கும் கண்ணுக்கும் ஒத்துவராது. கடிதத்தைத்தான் நம்புவார்கள்!

செலவில்லாத நாளில் காலிமுகத்திடலுக்குப் போவோம். அங்கே ஒரு பழைய கல் இருக்கிறது. கவர்னர் ஹென்றி வார்டு 1856-ல் தொடங்கி 1859-ல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காகப் பின்வருவோர் இதைப் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. அதைப் படித்துச் சொன்னபோது அவள், "வெள்ளைக்காரருக்கே தோணியிருக்கு" என்றாள். நான் இறால் வடை வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், போனைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தபடி நிற்கிறாள். அலை தடுப்புச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் தந்தாள். மறுமுனையில் உம்மம்மா பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கடல் மாதிரிதான் சத்தம் போடுது. அவுக ஒரு கடுதாசியிலயும் இதை எழுதலையே."