அருகம்புல்லுக்கு ஒரு ஸ்டேடியம்

கொச்சிக்குப் போய் வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். சீனவலை பாத்தீங்களா, மட்டாஞ்சேரி போனீங்களா, படகுல ஏறுனீங்களா? எல்லாம் பார்த்தேனுங்க. வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த சர்ச் வரைக்கும் பார்த்தாச்சு. ஆனால் நான் போனது கலூரில் இருக்கிற கால்பந்து ஸ்டேடியத்துக்கு.

அது 2018 மார்ச். எங்க பொள்ளாச்சிப் பக்கத்து வெயில் காய வைக்கும். கொச்சி வெயில் அவிக்கும். காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கிச்சு.

அக்கா மகன் புல்தரை பராமரிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து அப்போது ஒரு வருசம். அவனுக்கு அங்கேதான் வேலை. அக்காவுக்கு இதில் பெரிய மனத்தாங்கல். "மூணு ஏக்கரா தோப்பைப் போட்டுட்டுப் போயிப் புல்லு வளக்கறானாமா. நீ போயி என்னன்னு பாரு, முடிஞ்சாக் கையோட கூட்டியா"ன்னு அனுப்பி வெச்சுது. போர் வத்தி, தென்னை மட்டை தொங்கிக் கிடந்த நேரம் அது.

மெட்ரோவில் போனால் ஸ்டேடியத்தின் பேரிலேயே ஸ்டேஷன் இருக்கு, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்னு. 1996-ல் கட்டினது. கீழ்த்தளம் பூராவும் கடைகள். விளையாட்டு மைதானத்துக்கு அடியில் வியாபாரம் நடப்பதை அங்கேதான் பார்த்தேன். 2017-ல் 17 வயசுக்கு உட்பட்டவங்களுக்கான உலகக் கோப்பை வந்ததால் வெறும் சிமெண்ட் படியாக இருந்த கேலரியில் நாற்காலி போட்டு, உடை மாற்றும் அறைகளைப் புதுப்பித்து, தீயணைப்பு ஏற்பாடெல்லாம் செய்தார்கள். முன்னே 60,000 பேருக்கு மேல் நெருக்கியடித்துப் பார்த்த இடத்தில், பாதுகாப்பை யோசித்து அந்தப் போட்டிக்கு 29,000 பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரேசிலும் ஸ்பெயினும் மோதினது இங்கேதான். பயிற்சிக்கென்று ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானம் உட்பட நான்கு மைதானங்களையும் செப்பனிட்டிருந்தார்கள்.

எனக்கு நாற்காலியெல்லாம் கண்ணில் நிக்கலைங்க. புல்லுதான். வரப்பு ஓரம் நிக்கிற மாதிரி வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நின்னு குனிஞ்சு பார்த்தேன். கணுக்கணுவா ஓடற கொடி, ஊசி மாதிரி இலை.

"மாப்ள, இது அருகம்புல்லு மாதிரியல்ல இருக்குது?"

"அதேதான் மாமா. பெர்முடான்னு சொல்லுவாங்க."

சிரிப்பு வந்திருச்சு. எங்க அய்யன் காலத்தில் இருந்து நாங்க புடுங்கி வரப்பில் எறியறது அது. கலப்பையில் அறுபட்டால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடியாகி வரும். பிள்ளையாருக்கு வைக்கிற நேரம் தவிர அதுக்கு எங்ககிட்ட மரியாதையே கிடையாது. இங்கே என்னடான்னா அதுக்கு உரம், மருந்து, தினமும் தண்ணி, அளவு வச்சு வெட்டு. அடியில் மணல், மணலுக்குக் கீழே ஜல்லி, அதுக்கும் கீழே ஓட்டை போட்ட குழாய். கேரளா மழை கொட்டினாலும் தண்ணி நிக்காமல் வடியணுமாம். மேற்கூரை நிழல் விழற பக்கம் புல் சவலையா இருந்ததை அவனே காட்டினான். வெயில் இல்லாட்டி அருகு தேறாதுன்னு நமக்குத் தெரியாதா?

அந்த வாரம் கொச்சியே அந்தப் புல்லைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தது. நவம்பர் 1-ல் வெஸ்ட் இண்டீசோடு நடக்கிற ஒருநாள் ஆட்டத்தை இங்கே வைக்கலாம்னு கிரிக்கெட் சங்கம் கேட்டிருந்தது. கிரிக்கெட்னா நடுவில் 22 கெஜத்துக்குத் தோண்டிக் களிமண் கொட்டி ரோலர் ஓட்டணும். மணல் தண்ணியை விடும், களிமண் பிடிக்கும்; ரெண்டையும் ஒரே வயலில் வச்சா என்ன ஆகும்னு விவசாயிக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இதில் வேடிக்கை, புல்லுக்காகப் பேசினவர் சச்சின் டெண்டுல்கர். அவருக்குக் கேரளா பிளாஸ்டர்ஸில் பங்கு இருந்தது, அது வேற விசயம்.

"தோண்டுனா மறுபடியும் போட்டுக்கலாமே மாப்ள"ன்னேன். சும்மா சீண்டத்தான்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கதிர் வந்த சோளத்துல மாட்டை ஓட்டிவிட்டுட்டு, மறுபடியும் வெதச்சுக்கலாம்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா மாமா?"

அதுக்கு மேல ஊருக்கு வான்னு நான் கூப்பிடலை. மத்தியானம் ரெண்டு பேரும் மீன் சாப்பாடு சாப்பிட்டோம். ரயிலேத்திவிட்டான்.

வீட்டில் அக்கா எல்லாத்தையும் கேட்டுது. சம்பளம், சாப்பாடு, தங்கற ரூம். கடைசியா, "புல்லுக்குத் தெனமுமா தண்ணி விடறாங்க?"ன்னுது. ஆமான்னேன். வத்திப்போன போரைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்துது.

ஆட்டம் கடைசியில் திருவனந்தபுரத்துக்குப் போயிருச்சு. வெஸ்ட் இண்டீஸ் 104-க்குச் சுருண்டு, பொழுது சாயறதுக்குள்ளேயே எல்லாம் முடிஞ்சது. அக்கா கிரிக்கெட் பார்க்கிற ஆளே இல்லை. அன்னைக்கு டிவி முன்னாடி வந்து நின்னு, "அப்ப அவன் புல்லை யாரும் தோண்டலையில்ல?"ன்னு கேட்டுது.