வக்கீல் யாருக்கு வக்கீல்?

வீடு வாங்கப் போகிறீர்களா? வாழ்த்துகள்!

சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட்டா, பச்சையா என்று வீட்டில் இந்நேரம் பட்டிமன்றம் ஆரம்பித்திருக்கும். வாஸ்து பார்க்க ஒருவர், பெயின்ட் அடிக்க ஒருவர், கிரகப்பிரவேசச் சமையலுக்கு ஒருவர் என்று ஆள்கூட பேசி வைத்திருப்பீர்கள். சரி, பத்திரத்தைப் படித்துப் பார்க்க யாரைப் பேசி வைத்திருக்கிறீர்கள்?

'அதெல்லாம் புரோக்கரே ஒரு வக்கீல் வெச்சிருக்கார் சார்!'

யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் பதில்.

நான் பி.காம். படித்தவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. நீங்கள் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023-லிருந்து விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை வகையில் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக, அரசாங்கத்துக்கு 4.5 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவிகிதம் என்றாலும் 50 ஆயிரம். இதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுகிறோம். ஆவணங்களைப் பார்த்து 'லீகல் ஒப்பீனியன்' தருகிற வக்கீல் சில ஆயிரங்கள் கேட்டால் மட்டும், 'நாலு பேப்பரைப் படிக்கிறதுக்கா இவ்வளவு?' என்று பேரம் பேசுகிறோம்!

காரணம் இருக்கிறது. மற்றவர்கள் நம் கையில் வீட்டைக் கொடுக்க ஓடுகிறார்கள். வக்கீல் ஒருவர்தான், 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர். வேண்டாம் என்பதற்குக் காசு கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால், நீங்கள் வாங்குவதே அந்த ஒரு வார்த்தையைத்தான். புரோக்கர் கூட்டிவரும் வக்கீலால் அதைச் சொல்ல முடியுமா, யோசியுங்கள். வீடு கைமாறினால்தான் புரோக்கருக்குக் கமிஷன். கைமாறாமல் தடுக்கிற வக்கீலை அடுத்த முறை அவர் கூப்பிடுவாரா?

'பேங்க்லயே லோன் சாங்ஷன் பண்ணிட்டாங்க. அவங்க வக்கீல் பார்க்காமலா?'

பார்த்திருப்பார். ஆனால், ஃபீஸ் உங்கள் பாக்கெட்டிலிருந்து போனாலும் அவருடைய கட்சிக்காரர் வங்கிதான். கொடுக்கிற கடனுக்கு ஈடு இருக்கிறதா என்பது அவர் கவலை. நாளைக்கு அந்த வீட்டின் மீது வழக்கு வந்தாலும் மாதம் பிறந்தால் இ.எம்.ஐ. கட்டியாக வேண்டியது நீங்கள்தான்.

'ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பார்க்க மாட்டாங்களா?'

2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்ந்து முடிவு செய்யும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது. பத்திரம் பதிவாகிவிட்டது என்றால், பதிவாகிவிட்டது, அவ்வளவுதான்!

'ஈ.சி. போட்டுப் பார்த்தேன், வில்லங்கமே இல்லை!'

வில்லங்கச் சான்றில் வருவது பதிவான விவகாரங்கள் மட்டுமே. உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படிப் பதிவாகாத உயில் அதில் வராது. கணக்கில் விட்டுப்போன வாரிசும் வரமாட்டார்.

விட்டுப்போன வாரிசு என்றதும் என் சித்தப்பா மகன் கதையைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு தாம்பரம் பக்கம் ஒரு வீடு பார்த்தான். கிழக்கு பார்த்த வாசல், கிணறு, ரெண்டு தென்னை. விற்பவர், இறந்துபோன அப்பாவின் மூத்த மகன். அண்ணன், தம்பி இருவரும் பாகப்பிரிவினை செய்து பத்திரம் பதிந்திருந்தார்கள். பட்டா அவர் பேரில். வில்லங்கம் சுத்தம். எல்லாம் பக்கா!

நான் அனுப்பி வைத்த வக்கீல் வயதானவர், சிவில் மட்டுமே பார்ப்பவர். கட்டு முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு காகிதம் கேட்டார். வாரிசுச் சான்று. வந்தது. அதில் நாலு பெயர்.

"ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களே, அவங்க கையெழுத்து எங்கே?"

"அவங்களுக்கெல்லாம் கல்யாணத்துலயே சீர் செஞ்சு அனுப்பியாச்சு சார்" என்றார் விற்பவர்.

வக்கீல் என் தம்பி பக்கம் திரும்பினார். "அப்பா சுயமா சம்பாதிச்சு வாங்கின இடம். உயில் எழுதலை. அப்படின்னா பொண்ணுங்களுக்கும் சம பங்கு. இது 1956-ல வந்த சட்டம் தம்பி, நேத்து வந்தது இல்லை. சீர்வரிசை செஞ்சது விடுதலைப் பத்திரம் ஆகாது. ரெண்டு பேரும் வந்து எழுதிக் கொடுத்து, ரிஜிஸ்டர் பண்ணட்டும்."

பெரிய தங்கை சம்மதித்தார். சின்னவருக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். முடியாது என்றுவிட்டார். அட்வான்ஸ் ஒப்பந்தம் எழுதும்போதே, 'உரிமையில் குறை இருந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார் வக்கீல். மூன்று மாதம் அலைந்த பிறகு பணம் வந்தது.

அந்த வீட்டை வேறொருவர் வாங்கினார். இன்றுவரை குடியிருக்கிறார். "பார்த்தீங்களாண்ணே, அவருக்கு ஒண்ணும் ஆகலை. உங்க வக்கீலால நல்ல வீடு போச்சு!" என்று என் தம்பி இன்றும் குறைப்படுகிறான்.

வழக்கு வராமலே போகலாம். ஆனால், அந்த மனிதர் மகள் கல்யாணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ வீட்டை விற்க நினைக்கும் நாளில், வாங்க வருகிறவரின் வக்கீல் அதே காகிதத்தைக் கேட்பார். 'ரெண்டு பொண்ணுங்க கையெழுத்து எங்கே?' என்பார். கேள்வி எங்கேயும் போய்விடவில்லை. வேறொருவர் வீட்டுப் பீரோவுக்குள் தூங்குகிறது!

சரி, எப்படிப்பட்ட வக்கீலைப் பிடிப்பது?

சிவில் வழக்கு, சொத்து ஆவணம் பார்ப்பவராக இருக்க வேண்டும். கிரிமினல் கேஸில் கலக்குகிற மாமா மகன் வேண்டாம். பல் வலிக்குக் கண் டாக்டரிடம் போவீர்களா? வீடு இருக்கும் வட்டாரத்தில் பழக்கமுள்ளவர் என்றால் ரொம்ப நல்லது. எந்த சர்வே எண்ணில் புறம்போக்கு, எது கோயில் நிலம் என்பதெல்லாம் உள்ளூரில் புழங்குகிறவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

ஃபீஸை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒப்பீனியன் மட்டுமா, ஒப்பந்தமும் கிரயப் பத்திரமும் அவரே எழுதித் தருவாரா, பதிவு நாளில் கூட வருவாரா? வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பாரோ என்று பயப்படாதீர்கள். கோபித்தால் அவரை விட்டுவிடுங்கள்!

முக்கியமாக, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் போங்கள். கொடுத்துவிட்டுப் போனால், 'எப்படியாவது ஓ.கே. சொல்லிடுங்க' என்று கெஞ்சுகிற நிலைமை உங்களுக்கு வந்துவிடும்.

தாய்ப்பத்திரத்திலிருந்து வருஷ வரிசைப்படி எல்லாவற்றையும் கொடுங்கள். விற்பவர் பவர் வாங்கியவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பொதுவாக, அவர் காலமானால் பவரும் காலாவதி. பக்கத்து வீட்டுக்காரர் வேலித் தகராறு பற்றி ஏதாவது முணுமுணுத்தாரா? அதையும் சொல்லுங்கள். வக்கீல் நீங்கள் நீட்டுகிற காகிதத்தைத்தான் படிக்கிறார். நீட்டாததை அவர் எப்படிப் படிப்பார்?

இடத்தைப் போய்ப் பார்ப்பதும் உங்கள் வேலைதான். பத்திரத்தில் உள்ள நாலு எல்லையும் அளவும் தரையில் இருக்கிறதா என்று ஒரு சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்து பாருங்கள்.

கடைசியாக, ஒப்பீனியன் கைக்கு வந்ததும் நாம் எல்லோரும் 'உரிமை சரியாக உள்ளது' என்கிற வரியைத் தேடிப்பிடித்துப் படித்துவிட்டு, பைலை மூடிவிடுகிறோம். அதற்குக் கீழேதான் சமாசாரமே இருக்கிறது! 'அசல் ஆவணங்களைச் சரிபார்ப்பதற்கு உட்பட்டு', 'இன்றைய தேதி வரை வில்லங்கச் சான்று பெறுவதற்கு உட்பட்டு' என்று நாலைந்து 'உட்பட்டு' வரும. ஒவ்வோர் 'உட்பட்டு'ம் நீங்கள் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. வக்கீல் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, டிக் அடித்துவிட்டு எழுந்திருங்கள்.

எல்லாம் முடிந்து அவர் 'வேண்டாம்' என்று சொன்னால்..? வருத்தமாகத்தான் இருக்கும். கிரானைட் கலர்வரை பேசி முடித்திருப்பீர்களே! இருந்தாலும் ஃபீஸைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் கேட்டுப் போன சாமானைத்தான் அவர் கொடுத்திருக்கிறார்.