ஜாஸ் வாத்தியங்கள்

யாம் இக்கல்லூரி விடுதியில் வசித்த காலத்தில், எம்முடன் ஓரறையில் இருந்த நண்பர் மாலைதோறும் ஜாஸ் இசைத்தட்டுக்களைச் சுழல விடுவார். தேவாலயப் பாடகர் குழுவிற் சேர்ந்து, நான்கு குரல்களும் வரிசை பிசகாது ஒலிப்பதே சங்கீதமென எண்ணியிருந்த யாம், “இச்சந்தைக் கூச்சலை நிறுத்தும்” என ஒருநாள் கடிந்துரைத்தோம். அவர் மறுமொழி கூறாது நிறுத்திவிட்டார். அதன்பின் எமது முன்னிலையில் அத்தட்டுக்களை அவர் எடுத்ததேயில்லை.

அவர் காலமானபின் அவர்தம் மனைவியார் எமக்களித்த தட்டுக்களுள் ஒன்று, கிங் ஆலிவர் குழுவினர் 1923ஆம் வருஷம் அமெரிக்காவின் ரிச்மண்டு நகரில் வாசித்த கீதங்களின் மறுபதிப்பாகும். பன்முறை கேட்டபின்னரே அக்கூச்சலின் ஒழுங்கு எமக்குப் புலனாயிற்று. கார்னெட் என்னும் பித்தளைக்குழல் மெட்டை ஏந்திச் செல்ல, கிளாரினெட் அதன்மேற் கொடிபோற் சுற்றிப் படரும். டிராம்போன் தன் நீள்குழலை இழுத்தும் நீட்டியும் சுரத்தினின்று சுரத்திற்கு வழுக்கியவாறு கீழிருந்து தாங்கும். பியானோவும் பாஞ்சோவும் காலப்பிரமாணம் தவறாது காக்கும். இப்பாஞ்சோ, ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாய்க் கொணரப்பட்டோர் தம் நாட்டு வாத்தியங்களை நினைந்து சமைத்ததாம். பிற்காலத்தில் ஜாஸுக்கே அடையாளமாகிய ஸாக்ஸபோனோ, பெல்ஜியரான அடால்ப் ஸாக்ஸ் 1846இல் பாரிஸில் உரிமை பெற்றது; இராணுவ வாத்தியக் குழுக்களில் வளர்ந்தது.

நிற்க. அக்காலத்தில் மின்சார ஒலிப்பதிவு இல்லை. 1925இல்தான் அது வழக்கிற்கு வந்தது. ஆகவே குழுவினர் யாவரும் ஒரு பெரிய ஊதுகுழலின் வாயை நோக்கி நின்று வாசித்தனர். பெருமுரசின் அதிர்ச்சியை அக்கருவி தாங்காதாகையால், பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் காட்டினார். ஆலிவருடன் இரண்டாங் கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்டிராங்கின் ஊதல் மிக வலிதாயிருந்தமையால், அவரை வெகுதூரம் பின்னே நிறுத்தினர் என்று, பியானோ வாசித்தவரும் 1924இல் அவரை மணந்தவருமாகிய லில் ஹார்டின் பிற்காலத்தில் உரைத்துள்ளார்.

‘சைம்ஸ் புளூஸ்’ என்னும் கீதத்தில் அவ்விளைஞர் தனித்து வாசிக்கும் பகுதியொன்றுண்டு; தட்டில் ஏறிய அவரது முதற் தனிவாசிப்பு அதுவே. தட்டின் உறையில் அக்கீதத்தின் பெயருக்கருகே எம் நண்பர் பென்சிலாற் சிறு கோடொன்று இட்டிருக்கின்றார். அதன் காரணத்தை அவரிடம் வினவுதற்கு எமக்கு நாற்பது வருஷங்கள் இருந்தன, ஒருமுறையேனும் வினவினோமில்லை.