காண்டல், கருதல், உரை: சட்டம் சார் தன்னார்வலரின் விசாரணைக் கலை

விசாரணை என்னும் சொல் தமிழில் இரண்டு முகங்களைக் கொண்டது. உறவினர் வீட்டுக்குச் செல்பவர் நலம் விசாரிக்கிறார். காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவரோ விசாரிக்கப்படுகிறார். முதலாவதில் பரிவும் இரண்டாவதில் அச்சமும் இருப்பதால், சட்ட உதவி தேடி வரும் ஏழை மனிதர் தம் எதிரே தாளும் பேனாவுமாக ஒருவர் அமர்ந்தவுடன் இரண்டாவது விசாரணையையே எதிர்பார்க்கிறார். அவரை முதலாவதன் பரிவோடு அணுகி, இரண்டாவதற்குரிய துல்லியத்தோடு அவர் சொல்வதைப் பதிவு செய்வதே சட்டம் சார் தன்னார்வலர் கற்க வேண்டிய கலையின் சாரம் ஆகும்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் முதலியோர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அதன் 12ஆம் பிரிவு வழங்குகிறது. அந்த உரிமைக்கும் அதை அறியாத மக்களுக்கும் இடையே பாலமாக நிற்பதற்காகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் உருவாக்கிய திட்டத்தின் வழியே பயிற்சி பெற்றவர்களே சட்டம் சார் தன்னார்வலர்கள். இவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர் என்பதால் நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை. காவலர்கள் அல்லர் என்பதால் எவரையும் பதில் சொல்லுமாறு கட்டாயப்படுத்தவும் இயலாது. எனவே கேட்பதும் தேடுவதும் மட்டுமே இவர்களுடைய கருவிகள்.

கேட்பதில் முதற்பாடம், வந்தவர் தம் கதையைத் தம் வரிசையிலேயே ஒருமுறை முழுவதுமாகச் சொல்லி முடிக்க இடம் கொடுப்பது. பயிற்சி குறைந்தவர் இரண்டாம் வாக்கியத்திலேயே குறுக்கிட்டு, “மாமியார் கொடுமைதானே?” என்று கேட்டுவிடுகிறார். ‘தானே’ என்று முடியும் இத்தகைய கேள்வி, விடையைத் தன் வயிற்றிலேயே சுமந்து வரும் கேள்வி. தன் தரப்புச் சாட்சியிடம் முதல் விசாரணையில் இவ்வகைக் கேள்விகளை எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றம் பொதுவாக அனுமதிப்பதில்லை. எளியவர்களோ, படித்தவர் கேட்கிறாரே என்னும் மரியாதைக்காகவே “ஆமாங்க” என்று தலையசைத்துவிடுவார்கள். அந்தத் தலையசைப்பு மனுவில் ஒரு குற்றச்சாட்டாக ஏறிவிடும். “அப்புறம் என்ன நடந்தது?” என்ற எளிய கேள்வியே பெரும்பாலான இடங்களில் போதுமானது.

கதை முடிந்த பிறகு தொடங்குவதே நுட்பமான வேலை. அறிவு வரும் வழிகளை அளவை என்று வகுத்த தமிழ்த் தத்துவ மரபு, அவற்றுள் தலையானவையாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றைக் கொள்கிறது. காண்டல் என்பது தானே கண்டறிந்தது. கருதல் என்பது கண்டதிலிருந்து ஊகித்தது. உரை என்பது பிறர் சொல்லால் பெற்றது. தத்துவ நூல்களில் உரை நம்பத்தக்கவரின் வாக்கைக் குறித்தாலும், தன்னார்வலரின் குறிப்பேட்டில் யார் வாய்மொழியாக இருந்தாலும் அது உரை என்னும் மூன்றாம் வகையின் கீழ்தான் எழுதப்பட வேண்டும். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும், அதாவது கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 55ஆம் பிரிவு வலியுறுத்துவதும் இந்த வேறுபாட்டையே.

இவ்வேறுபாட்டைப் பேச்சுத் தமிழ் தன் சொல்லின் ஈற்றிலேயே காட்டிவிடுகிறது. “அடிச்சான்” என்றால் கண்டது. “அடிச்சானாம்” என்றால் கேட்டது. “அடிச்சிருப்பான் போல” என்றால் ஊகித்தது. ஆனால் பேச்சு மனு நடைக்கு மாறும்போது அந்த ‘ஆம்’ உதிர்ந்து, மூன்றுமே “தாக்கினார்” என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. பக்கத்து வீட்டார் சொல்லிக் கேள்விப்பட்ட தாய், எழுதுபவரின் கவனக் குறைவால் நேரில் கண்ட சாட்சியாகிவிடுகிறார், பல மாதங்கள் கழித்துக் குறுக்கு விசாரணையில், “நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?” என்ற ஒற்றைக் கேள்வியில் அவருடைய நேர்மை முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன ‘ஆம்’ தொலைந்துபோயிற்று, அவ்வளவே.

மரியாதைப் பன்மையும் இதே போன்ற கண்ணியை வைக்கிறது. “அவங்க அடிச்சாங்க” என்று ஒரு மனைவி சொன்னால், அது கணவர் ஒருவரையே மரியாதையாகக் குறிக்கலாம், கணவர் வீட்டார் அனைவரையும் குறிக்கலாம். கேட்டுத் தெளியாமல் எழுதினால் ஒருவர் செய்த குற்றம் ஐவர் மீது ஏறும், அல்லது ஐவர் செய்தது ஒருவரோடு நின்றுவிடும். ‘அண்ணன்’ என்பது உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா, ஊரில் மதிப்புக்குரிய ஒருவரா என்பதையும், ‘மாமா’ என்பது எந்த வழியில் மாமா என்பதையும் கேட்காமல் வாரிசுச் சான்று தொடர்பான எந்த மனுவையும் எழுதத் தொடங்கலாகாது.

காலத்தைக் கேட்பதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். தேதி கேட்டால் திகைப்பவர்கள், “ஆடிப் பதினெட்டுக்கு முந்தின செவ்வாய்” என்றோ “கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள்” என்றோ தடுமாற்றமின்றிச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன அடையாளத்தை அப்படியே எழுதி, நாட்காட்டியைப் பார்த்துக் கணக்கிட்ட தேதியை அதன் அருகில் தனியே குறிப்பதே முறை. அப்போதுதான் கணக்கில் பிழை நேர்ந்தாலும் அது எழுதியவரின் பிழையாக நிற்கும், சொன்னவரின் பொய்யாக மாறாது.

கேட்பதும் தேடுவதும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குச் செங்கல் சூளை நல்ல எடுத்துக்காட்டு. பொங்கல் கழிந்து சூளை வேலை சூடுபிடிக்கும் பருவத்தில், முன்பணம் பெற்ற குடும்பங்கள் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் கல் அறுக்கின்றன. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் பற்றி அறிந்தவர்கூட, “நீங்கள் கொத்தடிமையா?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதிலையே பெறுவார், ஏனெனில் எவரும் தம்மை அச்சொல்லால் அழைத்துக்கொள்வதில்லை. முன்பணம் எவ்வளவு, அது யார் கையால் தரப்பட்டது, வாரச் செலவுக்குக் கிடைப்பது எவ்வளவு, கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, அதில் மனைவியின் பெயரும் உண்டா, ஊரில் சாவு நேர்ந்தால் குடும்பத்தோடு போக முடியுமா, வேறு சூளைக்கு மாறினால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் சட்டம் தேடும் உண்மை வெளிப்படும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர்களிடம் பேசும்போது, ஆள் சேர்த்த மேஸ்திரியையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது விசாரணையைத் தொடக்கத்திலேயே கெடுத்துவிடும். கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அந்த ஒழிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது என்றாலும், தொழிலாளரின் கூற்று தெளிவாக இருந்தால்தான் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று வழங்கும் நிலை எளிதாகும்.

வாய்மொழிக்கு அடுத்த நிலை ஆவணம். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். பொது அதிகாரம் உடைய அலுவலகத்தின் பதிவேடுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆயினும் ஒவ்வோர் ஆவணமும் எதைச் சொல்கிறது என்பதைப் போலவே, எதைச் சொல்லாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களையே காட்டும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பதியப்படாத உயிலை அது அறியாது. பட்டா வருவாய்க் கணக்கின் பதிவே அன்றி, உரிமையின் இறுதிச் சொல் அன்று.

இவ்வளவு சரிபார்ப்பது வந்தவரை அவநம்பிக்கையோடு நோக்குவதாகாதா என்ற தயக்கம் புதியவர்களுக்கு எழுவது இயல்பு. உண்மையில், சொன்னவரை நம்புவதற்கும் சொன்னதைச் சரிபார்ப்பதற்கும் முரண் ஏதுமில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நாளை கேட்கப்போகும் கேள்வியை, அன்புள்ள ஒருவர் இன்றே கேட்டுவிடுவதே சரிபார்த்தல் ஆகும். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கல்குவாரித் தொழிலாளர் நிலை குறித்த ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், அத்துடன் நின்றுவிடாமல் ஆணையர்களை நேரில் அனுப்பித் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த பிறகே 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பரிவு கதவைத் திறந்தது; விசாரணை அந்தக் கதவைத் திறந்தபடியே நிறுத்தியது.

இக்கலைக்கு எல்லையும் உண்டு. பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தையிடம் விவரம் கேட்பது தன்னார்வலரின் வேலை அன்று. குழந்தை தானாகச் சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்து, போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உடனே தகவல் தெரிவிப்பதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும். அதே கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது இன்னொரு கொடுமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள்: எழுதியதைச் சொன்னவருக்கு அவருடைய பேச்சு மொழியிலேயே வாசித்துக் காட்டாமல் கையொப்பமோ கைரேகையோ பெறலாகாது. “இதை நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா?” என்று ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திக் கேட்க ஆகும் நேரம் கால் மணிக்கு மேல் இராது, அந்தக் கால் மணியைத் தர மனமில்லாதவர் இப்பணிக்கு வரலாகாது.